இடுப்புவலிக்குக் கைச்சிகிச்சை: கம்பம், குமுளி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்குகிற பெண்கள். மிச்சப் பேர் திராட்சைப் பந்தலில் வேலை பார்க்கிறவர்கள், கல்லாவில் உட்கார்ந்தே இருக்கிற கடைக்காரர்கள், ஓட்டுநர்கள், குமுளியிலிருந்து வருகிற மலையாளிகள். ஆள் மாறினாலும் கேட்கிற கேள்வி மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்கிற பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கைச்சிகிச்சை என்றால் மசாஜ்தானே?

மசாஜ் அதில் ஒரு பகுதி. தசையை அழுத்தி, உருவி, இறுக்கம் தளர்த்துவது அது. அதைத் தவிர, முதுகெலும்பின் ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக அழுத்தி அழுத்தி விடும் மொபிலைசேஷன் இருக்கிறது. ஒரே வெட்டாக வேகமாகத் தள்ளும் மேனிபுலேஷன் இருக்கிறது. உங்கள் தசையை நீங்களே லேசாக எங்கள் கைக்கு எதிராக அழுத்தச் சொல்லி, ஐந்து முதல் பத்து விநாடி பிடித்து, விட்டதும் தசை தளர்கிற நேரத்தில் நீட்டிக்கொடுக்கிற முறையும் உண்டு. இதில் முழுப் பலத்தையும் போடக் கூடாது, கால்வாசி போதும். எல்லோருக்கும் எல்லாம் செய்வதில்லை. மூட்டு இறுகியிருக்கிறதா, தசை பிடித்திருக்கிறதா, நரம்பு உறுத்துகிறதா என்று பார்த்துத்தான் எடுப்போம்.

முதல் நாள் என்ன செய்வீர்கள்?

முதல் பாதி நேரம் பேச்சுதான். வலி எப்போது வந்தது, எதைச் செய்தால் கூடுகிறது, எதில் குறைகிறது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் தூங்க விடுகிறதா என்று கேட்பேன். அப்புறம் நிற்க வைத்து முன்னால், பின்னால், பக்கவாட்டில் வளையச் சொல்வேன். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே தூக்கிப் பார்ப்பேன். 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவில் தொடையின் பின்புறம் தாண்டிக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இழுத்தால் நரம்பு வேர் உறுத்தப்படுவதாகச் சந்தேகப்படலாம். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பலம் பார்ப்பேன், தொடு உணர்ச்சி பார்ப்பேன்.

கை வைப்பது அதற்குப் பிறகுதான். மொபிலைசேஷனைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அதுதான் புதிது. குப்புறப் படுத்திருப்பீர்கள், வயிற்றுக்கடியில் ஒரு தலையணை. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டுக்கு அருகே பட்டாணி அளவில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், தொட்டுப் பாருங்கள். அதை உங்கள் முதுகெலும்பின் முள் மீது வைத்து, முழங்கையை நேராக்கி, தோளிலிருந்து எடையை இறக்கி, தாளகதியில் அழுத்தி விடுவேன். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், நிறுத்தி, எழுந்து குனிந்து பார்க்கச் சொல்லி, மறுபடி. இடுப்பில் இருக்கிற ஐந்து எலும்புகளையும் ஒன்று ஒன்றாகத் தொட்டுக்கொண்டே போகும்போது, பெரும்பாலும் கீழ் இரண்டில் ஒன்று கட்டையாக அசையாமல் நிற்கும், நீங்களும் "அங்கதான்" என்பீர்கள்.

அழுத்தத்துக்குப் படிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெயிட்லண்ட் வகுத்த நான்கு படிகளைத்தான் பெரும்பாலான பிசியோதெரபிஸ்டுகள் பின்பற்றுகிறோம். வலி மிகுந்திருந்தால் முதல் இரண்டு படிகள், வெறும் லேசான அசைவு. வலி குறைந்து இறுக்கம்தான் மிச்சம் என்றால் மூன்றும் நான்கும், அசைவின் கடைசி எல்லைவரை. முதல் நாளே நாலாம் படியில் அழுத்துகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

எலும்பு விலகிவிட்டது, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை) நகர்ந்துவிட்டது என்கிறார்கள். கையால் தள்ளி உட்கார வைப்பீர்களா?

மாட்டேன். யாராலும் முடியாது. முதுகெலும்பின் அடியெலும்பும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டை மேனிபுலேஷன் செய்து, முன்னும் பின்னும் துல்லியமாக அளந்து பார்த்த ஆய்வு 1998ல் வெளியானது. மூட்டு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனாலும் இந்தச் சிகிச்சைகளில் வலி குறைவதுண்டு. அது எப்படி என்றால், மூட்டிலும் தசையிலும் தோலிலும் இருக்கிற நரம்பு முனைகளுக்குக் கை ஒரு தகவல் அனுப்புகிறது. தண்டுவடமும் மூளையும் அதை வாங்கிக்கொண்டு வலிச் சத்தத்தைக் கொஞ்சம் தணிக்கின்றன, காவலுக்கு இறுகி நின்ற தசை தளர்கிறது. அசையப் பயந்த இடுப்பு அசைகிறது. அவ்வளவுதான் விஷயம்.

"விலகிய எலும்பைச் சேர்த்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் நோயாளிக்கு அந்த நேரம் தெம்பாக இருக்கும். ஆனால் அதற்கப்புறம் அவர் குனியவே பயப்படுவார், மறுபடி விலகிவிடுமே என்று. அந்தப் பயம்தான் எனக்கு வலியைவிடப் பெரிய தொந்தரவு. அதைக் கழற்ற வாரக்கணக்கில் ஆகிறது.

அப்போ "டக்" என்று சத்தம் கேட்டதே, அது என்ன?

மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயுக்குமிழ் உருவாகிற சத்தம். விரலைச் சொடக்குப் போட்டு எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஆய்வு 2015ல் வந்தது, அதில் கண்ணால் பார்க்க முடிந்தது. சத்தம் வந்தால்தான் சிகிச்சை பலித்தது என்றில்லை. வராமலே வலி குறைகிறவர்கள் எத்தனையோ பேர்.

எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே) டிஸ்க் பிதுக்கம் என்று போட்டிருக்கிறது. பிசியோதெரபி கேட்குமா, ஆபரேஷன்தானா?

ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே கை நடுங்குகிறவர்களைப் பார்க்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: இடுப்புவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் வெளியிட்டார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 50 வயதில் 60 சதவீதம். 80 வயதில் 84 சதவீதம். யாருக்கும் வலி இல்லை! முடி நரைப்பது மாதிரிதான் இதில் பாதி.

பிதுக்கம் உண்மையிலேயே நரம்பைத் தொட்டு, கால்வரை வலி இறங்கினாலும், பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப்போக அது தானாகச் சுருங்குகிறது. உடம்பு அதைக் கரைத்துவிடுகிறது. அந்தக் காலத்தில் வலியைத் தாங்கும்படி வைத்து, ஆளை நடமாட வைப்பதுதான் எங்கள் வேலை. ஆபரேஷன் சிலருக்குத் தேவைப்படும். யாருக்கு என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள். எம்.ஆர்.ஐ. மட்டும் அதை முடிவு செய்யாது, உங்கள் காலின் பலமும் உணர்ச்சியும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

யாருக்குக் கை வைக்க மாட்டீர்கள்?

இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

சிறுநீர் வராமல் நின்றுவிட்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம் முழுதும் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் பலம் இழந்துகொண்டே வந்தாலோ என்னிடம் வராதீர்கள். அன்றைக்கே, அந்த மணிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தப் பக்கத்துக்கு க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கேரளப் பக்கம் இருந்தால் இடுக்கி அல்லது கோட்டயம் மருத்துவக் கல்லூரி. தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக்கொத்து நசுங்கியிருக்கலாம், தாமதித்தால் கால்களும் சிறுநீர்ப்பையும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். பாதம் தொங்கிப்போய் நடக்கும்போது விரல் தரையில் இடறினாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல், எடை குறைவது, இரவில் படுத்தாலும் விடாத வலி, இவை சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமில்லை. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், மரத்திலிருந்தோ மலைச்சரிவிலோ விழுந்தவர்கள், வயதான பெண்கள் லேசாகக் கால் தடுக்கி உட்கார்ந்ததும் வலி வந்தால், அவர்களுக்கு முதலில் எக்ஸ்ரே. ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களின் எலும்பு மெலிந்திருக்கலாம், அதில் வேகமாகத் தள்ளினால் உடையலாம். பெயர் எழுதாத பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிட்ட "மூட்டுவலி மாத்திரை" இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லிவிட வேண்டும்.

விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, விட்டுவிட்டு வருகிற வலியானால் அது இடுப்பே இல்லை, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.

ஏலக்காய் எடுக்கிறவருக்கும் திராட்சைப் பந்தலில் வேலை பார்க்கிறவருக்கும் ஒரே சிகிச்சையா?

நல்ல கேள்வி, இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று நினைப்பேன். ஏலச்செடியில் காய் காய்ப்பது தலைக்கு மேலே இல்லை, தரையோடு படர்ந்த சரத்தில். ஆவணியில் சூடுபிடித்தால் தை, மாசி வரை காய் எடுப்பு ஓடும். நாள் முழுதும் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் வேலை. மழை பெய்தால் தலையில் கொங்காணி, காலடியில் வழுக்கல், இடுப்பு இன்னும் இறுக்கமாகும். பந்தலில் நேர் எதிர். திராட்சைக் கொத்து தலைக்கு மேலே தொங்குகிறது. கையைத் தூக்கி, அண்ணாந்து, இடுப்பைப் பின்னால் வளைத்தபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

குனிந்தே இருக்கிற இடுப்புக்குப் பெரும்பாலும் பின்னால் வளைவது இதமாக இருக்கிறது. வளைந்தே இருக்கிற இடுப்புக்குக் குனிவது. பெரும்பாலும் என்றேன், எப்போதும் இல்லை, அதனால்தான் ஒவ்வொருவரையும் ஒரே அசைவைப் பத்துத் தடவை செய்ய வைத்துப் பார்க்கிறோம். செய்யச் செய்யக் கால்வலி மேலே ஏறி இடுப்புக்குள் சுருங்கினால் அந்தத் திசை உங்களுக்கு மருந்து. இடுப்பில் கொஞ்ச நேரம் வலி கூடினாலும் பரவாயில்லை. மாறாக, வலி முழங்காலைத் தாண்டிப் பாதத்துக்கு ஓடினால் அந்தத் திசையை அன்றைக்கே விட்டுவிட வேண்டும்.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1956ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்த மேஜையில், அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு நன்றாகப் பின்னால் வளைந்து கிடந்தது. மெக்கென்சி வந்து பார்த்துப் பதறினார், ஏனென்றால் அந்தக் காலத்தில் அப்படி வளைப்பது ஆகாது என்று நம்பினார்கள். நோயாளியோ பல வாரமாக இருந்த கால்வலி போய்விட்டது என்றார். அதிலிருந்துதான் குப்புறப் படுத்து, கையை ஊன்றி, இடுப்பை மெத்தையிலேயே விட்டு மார்பை மட்டும் தூக்குகிற பயிற்சி பரவியது. காய் எடுக்கிற பெண்களுக்கு நான் அதிகம் சொல்லித்தருவது இதைத்தான். பத்துத் தடவை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. தோட்டத்தில் படுக்க இடம் இல்லையென்றால் நின்றபடி இடுப்பில் கை ஊன்றிப் பின்னால் வளையலாம்.

கை வைத்துச் செய்வதையும் இதோடு இணைக்கலாம். நியூசிலாந்துக்காரரான பிரையன் மல்லிகன் சொன்ன முறையில், நீங்கள் உட்கார்ந்து குனியும்போதே நான் எலும்பின் முள்ளைத் தாங்கி மேல்நோக்கித் தள்ளிப் பிடித்திருப்பேன். சரியான இடமாக இருந்தால் வலி இல்லாமல் குனிவீர்கள். வலித்தால் இடம் தப்பு, மாற்ற வேண்டும்.

வலிக்குமா?

அழுத்தும்போது "நல்ல வலி" என்று சொல்கிற அளவுக்கு இருக்கலாம். அன்று இரவும் மறுநாளும் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருப்பது சகஜம். அதற்கு மேல் நீடித்தால் அடுத்த தடவை சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கை வைத்தால் இரண்டு நாள் சொர்க்கம். அப்புறம் திரும்ப வந்துவிடுகிறதே?

வரத்தான் செய்யும். கைச்சிகிச்சையின் பலன் சில மணி நேரமோ சில நாட்களோதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கைச்சிகிச்சையைத் தனியாகச் செய்யாதே, உடற்பயிற்சியோடு சேர்த்தே செய் என்கிறது. காரணம் இதுதான்.

கை வைத்ததும் வலி தணிந்திருக்கும் அந்த இரண்டு நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் சிகிச்சை. கட்டிலில் படுத்துக்கொண்டு "அப்பாடா" என்று கழித்தால் காசு போச்சு. நடக்க வேண்டும், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய வேண்டும், வலிக்குப் பயந்து விட்டுவிட்ட அசைவுகளைத் திரும்பப் பழக வேண்டும். நான்கைந்து முறைக்குள் குனிவதிலோ நடப்பதிலோ தூக்கத்திலோ மாற்றமே தெரியவில்லை என்றால், நான் வேறு ஏதோ யோசிக்க வேண்டும் அல்லது உங்களை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். "தினமும் வாங்க, ஒரு மாசம்" என்று முதல் நாளே பேக்கேஜ் போடுகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

புதிதாகப் பிடித்த வலி பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் நன்றாகவே குறைந்துவிடும், என்னிடம் வந்தாலும் வராவிட்டாலும். தொழிலுக்கு ஆகாத பேச்சு, ஆனால் உண்மை.

குமுளியில் உழிச்சல் (எண்ணெய் உருவுதல்), கிழி (சூடான மருந்து மூட்டை ஒற்றடம்), கடிவஸ்தி செய்கிறார்களே. அது நல்லதா, இது நல்லதா?

சண்டை எதுவும் இல்லை. சூடும் உருவுதலும் இடுப்புக்கு இதம், அதை மறுக்க மாட்டேன். உளுந்துமாவில் கரைகட்டி, வெதுவெதுப்பான தைலம் ஊற்றி நிறுத்துகிற கடிவஸ்தியில் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. படித்த வைத்தியரிடம் செய்யுங்கள். தேக்கடி சுற்றுலாக்காரர்களுக்காகப் பலகை மாட்டிய இடமெல்லாம் வைத்தியசாலை இல்லை.

இரண்டு விஷயம் மட்டும். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை உணர மாட்டார்கள், கொப்பளித்த பிறகுதான் தெரியும். அடுத்தது, ஒரே நாளில் அங்கேயும் இங்கேயும் போகாதீர்கள். மறுநாள் வலி கூடினால் யார் கையால் கூடியது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

காலு முன்னால வந்து பிறந்தவரை இடுப்பில் மிதிக்கச் சொன்னால் பிடிப்பு விடுமாமே?

எங்கள் பாட்டியும் சொல்லுவார். இடுப்புப் பிடிப்பு தானாகவே விடுகிற சமாச்சாரம் என்பதால் கடைசியாக மிதித்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. காலால் சும்மா தொட்டால் ஒன்றும் ஆகாது. பேரனை முதுகில் ஏறி நடக்கச் சொல்லும் பழக்கம்தான் கவலை. மூன்று வயதில் ஆரம்பித்த பேரனுக்கு இப்போது பன்னிரண்டு வயதாகியிருக்கும், பாட்டியின் எலும்பு அதே காலத்தில் மெலிந்திருக்கும். வேண்டாம். வீட்டில் யாராவது எண்ணெய் தொட்டு முதுகெலும்பை விட்டுவிட்டு இரண்டு பக்கத் தசையை உருவி விடட்டும், தாராளமாகச் செய்யலாம்.

பெல்ட் போடலாமா? மெஷின் வைப்பீர்களா? இழுவை (முதுகை இழுத்து வைப்பது)?

நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெல்ட், இழுவை, அல்ட்ராசவுண்ட், டென்ஸ் மின்தூண்டல் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, மசாஜ், மேனிபுலேஷன் போன்றவற்றைப் பயன்படுத்தலாம் என்கிறது. மெஷின் இல்லாத பிசியோதெரபியைச் சிலர் பிசியோதெரபி என்றே ஏற்பதில்லை. "சும்மா கையாலயே தடவி அனுப்பிட்டாங்க" என்பார்கள். என்ன செய்ய?

வேலைக்குப் போகலாமா? லீவு போட்டால் கூலி போய்விடும்.

பொதுவாகப் போகலாம். படுத்தே கிடப்பது வலியை நீட்டிக்கும். நடக்கவே முடியாத அளவு பிடித்திருந்தால் ஒன்றிரண்டு நாள் போதும்.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் கவனம். இரவு முழுதும் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது முழுதாகக் குனிந்தால் அதிகம் அழுத்தம் விழும். மூன்று, நான்கு மணிக்கே எழுந்து குனிந்து வாசல் கூட்டி, குனிந்து பாத்திரம் கழுவி, ஜீப் ஏறுகிறவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். வாசல் கூட்டுவதை வேறு யாராவது செய்யட்டும், வீட்டில் ஆண்களும் இருக்கிறார்கள் இல்லையா. முடியாவிட்டால் நீளக் கைப்பிடி விளக்குமாறு வாங்குங்கள்.

ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு குலுங்கிப் போய் இறங்கியதும் நேரே செடிக்குக் குனியாதீர்கள். நின்று ஐந்தாறு தடவை பின்னால் வளையுங்கள், பத்தடி நடங்கள், அப்புறம் காய் எடுங்கள். இடுப்பை மடக்கிக் குனிவதையும் ஒரு முட்டி போட்டு உட்காருவதையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நிரம்பிய பையைத் தூக்கும்போது உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். செய்யலாமா?

பக்கவாட்டில் படுக்க வைத்து மெதுவான முறைகளைச் செய்யலாம், மகப்பேறு டாக்டரிடம் கேட்டுவிட்டு. குப்புறப் படுக்க வைக்க மாட்டோம், வேகமாகத் தள்ள மாட்டோம்.

பெண்களுக்குப் பெண் பிசியோதெரபிஸ்ட் கிடைப்பாரா? உடை விலக்க வேண்டுமா?

கேட்கக் கூச்சப்படாதீர்கள். இடுப்பு தெரிகிற அளவுக்கு மட்டும் விலக்கினால் போதும், மற்றதைத் துணி போட்டு மூடியிருப்போம். கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாம். எங்கே கை வைக்கப் போகிறோம், ஏன் என்று முதலில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பிடிக்கவில்லை என்றால் நடுவில் நிறுத்தச் சொல்வது உங்கள் உரிமை.

செலவு தாங்காது. அரசாங்கத்தில் வழி உண்டா?

அரசு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவை விசாரியுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். தனியாரிடம் போனால், பட்டம் படித்தவரா என்று கேளுங்கள். சில வாரப் பயிற்சி முடித்துவிட்டுப் பலகை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள். தொளதொள உடை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம், குப்புறப் படுக்க முடியாது. தைலம் தேய்த்துக்கொண்டும் வராதீர்கள், கை வழுக்கும்.